கங்கம்மாள் போட்ட வாய்க்கரிசி

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் வரவில்லை, அனுப்பகம் வந்தது. ஒரகடத்தில் செய்த பலகைகளும் தொட்டிகளும் லாரி லாரியாக வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கட்டடம் எழும்பியது. தொண்ணூற்று ஒன்றில் நான் அங்கே டோக்கன் கவுன்ட்டரில் இருந்தேன். கங்கம்மாள் உள்ளே பலகை அறையில் இருந்தாள்.

மனிதரை அனுப்புவது எப்படி என்று கேட்டால் இன்ஜினியர்கள் காதில் ரத்தம் வரும்வரை பேசுவார்கள். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணிக்குத் தூக்க ஊசி போட்டுப் பலகையில் படுக்க வைப்பார்கள். ஒரு வளையம் தலையிலிருந்து கால்வரை ஊர்ந்து, உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று ஓர் அணு விடாமல் படித்துக்கொள்ளும். மனசில் இருக்கும் கவலைகூட அதில் வந்துவிடும். படித்தது கம்பி வழியாக மஸ்கட்டுக்கோ பம்பாய்க்கோ போகும். அங்கே தொட்டியில் தண்ணீர், சுண்ணாம்பு, கரி, உப்பு எல்லாம் தயாராக இருக்கும். அவற்றைக் கொண்டு அதே ஆளை, அதே மச்சத்தோடும் அதே பல்வலியோடும் எழுப்பிவிடுவார்கள். அவர் கண் திறந்து தன் பெயரைச் சொன்னதும் இங்கே மணி அடிக்கும்.

அதற்குப் பிறகுதான் கங்கம்மாளுக்கு வேலை. ஆள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும், இங்கே பலகையில் படுத்தவர் படுத்தபடியேதான் இருப்பார், மூச்சு விட்டுக்கொண்டு. அவருக்கு எங்கள் இடத்தில் 'மிச்சம்' என்று பெயர். ஓர் ஆள் இரண்டாக இருந்தால் ரேஷன் கார்டு யாருக்கு, நிலம் யாருக்கு, புருஷன் யாருக்கு என்று அடிதடி வருமாம். அதனால் மிச்சம் இருக்கக் கூடாது என்று சட்டம். கங்கம்மாள் சுவரோரம் இருக்கும் கைப்பிடியை இழுப்பாள். படுத்திருப்பவர் கரைந்து கீழ்த் தொட்டிக்குள் இறங்கிவிடுவார். அடுத்து மஸ்கட்டிலிருந்து வருகிறவரை அதை வைத்துத்தான் எழுப்புவார்கள்.

இதைப் பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை. இங்கே தூங்கினால் அங்கே விழிக்கலாம் என்பதோடு சரி. ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

கங்கம்மாளுக்கு வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். பிள்ளை குட்டி இல்லை. லாரி ஓட்டின புருஷன் நாகப்பன் எங்கேயோ வடக்கே விபத்தில் போய்விட்டார். முகம் தெரியாதவர்கள் எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள். இவளுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது சாம்பல்கூட இல்லை. "வாயில ஒரு பிடி அரிசி போட ஆளில்லாம அனாதையா போயிட்டாருமா" என்று எப்போதாவது சொல்வாள். அழமாட்டாள். அவள் அழாததுதான் எனக்குத் தாங்காது.

அனுப்பகத்தில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாள். கைப்பிடி இழுக்க வந்த ஆண்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒருவன் குடித்தான், ஒருவன் சொல்லாமல் ஓடிப்போனான். கடைசியில் அவள் தலையில் கட்டினார்கள். அவள் மறுக்கவில்லை. ஆனால் முந்தானையில் பச்சரிசி முடிந்துகொண்டு வர ஆரம்பித்தாள். மணி அடித்ததும் படுத்திருப்பவர் வாயில் கொஞ்சம் வாய்க்கரிசி போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் இழுப்பாள். அரிசி தொட்டி வடிகட்டியில் அடைக்கிறது என்று சூப்பர்வைசர் விஜயராகவன் ஒருமுறை கத்தினார். "அனாதையா அனுப்ப சொல்றியா சார்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அந்தச் சித்திரை வெயிலில் ரத்னா வந்தாள். வாலாஜாபாத் பெண். புருஷன் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். ஐந்து வயசு மகள் நிலாவோடு அங்கேயே குடியேறப் போகிறாள். குழந்தையை முதலில் அனுப்புவதுதான் வழக்கம், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ளத் தாய் வேண்டுமே. நிலா தூங்கினதும் ரத்னாவை வெளியே உட்கார வைத்தார்கள். மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து ரத்னாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கும் மணி அடித்தது.

சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. ஜன்னல் இல்லாத அறை என்பதால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கங்கம்மாள் கைப்பிடியை இழுத்துக்கொண்டு நின்றாள். கரண்ட் இல்லாமல் அது என்ன செய்யும்? பலகையில் ரத்னா. வாயில் அரிசி.

அவள் இருமினாள். இருமி இருமி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, எனக்கு ஏங்கா வாய்க்கரிசி போட்ட?"

ரத்னா என்னைப் பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். பலகைக்குக் கீழே இருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"நிலாவுக்கும் போட்டியா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கங்கம்மாள், "போட்டேன்மா" என்றாள்.

ரத்னா அவளை அறைந்தாள். மாறி மாறி அறைந்தாள். கங்கம்மாள் கையைக்கூடத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின், "அழுதாளா?" என்று கேட்டாள் ரத்னா.

"தூங்கினு இருந்தாமா. வாய் தொறந்துகினு. ரெண்டே அரிசிதான் போட்டேன், சின்ன வாயாச்சேன்னு."

அதற்குள் விஜயராகவன் வந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒண்ணும் இல்லம்மா. நீங்க நல்லபடியா போய்ச் சேந்துட்டீங்க. குழந்தையும் உங்க கூடத்தான் அங்க இருக்கா. இப்ப கரண்ட் வந்துடும், படுத்துக்குங்க" என்றார். அந்த 'படுத்துக்குங்க'வை எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா! அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது கவுன்ட்டரில் போன் அடித்தது. போய்ச் சேர்ந்தவர்கள் உடம்பில் ஒட்டியிருக்கும் உப்பைக் குளித்துக் கழுவிவிட்டு எங்களுக்கு ஒரு போன் போடுவார்கள். நான் ஓடிப் போய் எடுத்தேன். பின்னாலேயே வந்த ரத்னா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். மறுமுனையில் குழந்தைக் குரல். எனக்கும் கேட்டது.

"நாங்க வந்துட்டோம்! அப்பா பொம்மை வாங்கி வெச்சிருக்காரு!"

"நிலா..."

"அம்மா? நீ உள்ள குளிச்சினு இருக்கல்ல?"

ரத்னாவின் உதடு கோணிக்கொண்டது. குரல் மட்டும் கோணவில்லை. எப்படித்தான் முடிந்ததோ அவளால்.

"ஆமாண்டி கண்ணு. நான் உள்ளதான் இருக்கேன். வெச்சிடு."

வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பலகை அறைக்குத் திரும்பிப் போனாள். தானே ஏறிப் படுத்தாள். விளக்குகள் எரிந்தன, கரண்ட் வந்துவிட்டது.

"இழுத்துடுக்கா. அவளுக்கு ஒரு அம்மா இருக்கா, போதும். நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

"கங்கம்மா, அவங்களே சொல்றாங்க இல்ல? இழு" என்றார் விஜயராகவன்.

கங்கம்மாள் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். இழுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பலகைக்கு வந்து ரத்னாவின் கையைப் பிடித்தாள்.

"ஒருத்திக்கு ஒரு தபாதான்மா போடுவேன். உனக்குப் போட்டாச்சு. இன்னொரு தபா சாவடிக்கிறதுக்கு எனக்கு வக்கில்ல. ஏந்திரு, வூட்டுக்குப் போலாம்."

"யார் வூட்டுக்கு?"

"என் வூட்டுக்கு."

வேலை போய்விடும், போலீஸ் வரும், சட்டப்படி குற்றம் என்றெல்லாம் விஜயராகவன் கத்தினார். வாசலை மறித்துக்கொண்டும் நின்றார். கங்கம்மாள் அவரைத் தள்ளவில்லை. "ஒத்து சார்" என்றாள், பெருக்கும்போது சொல்வாளே அதே குரலில். அவர் ஒதுங்கிவிட்டார். பாவம், அவருக்கும் ஒரு பெண் இருந்தது.

கங்கம்மாள் தன் முந்தானையால் ரத்னாவின் முகத்தைத் துடைத்து, கலைந்த தலையை ஒதுக்கிவிட்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்னா இரண்டு தரம் நின்றாள். இரண்டு தரமும் கங்கம்மாள் இழுக்கவில்லை, கூடவே நின்றாள். வாலாஜாபாத் பஸ் கிளம்புகிற வரைக்கும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை.

மறுபடி போன் அடித்தது. எடுத்தேன். சற்றுமுன் என் பக்கத்தில் நின்று பேசிய அதே குரல், மஸ்கட்டிலிருந்து. குளித்துவிட்டு வந்த தெளிவு அதில் இருந்தது.

"ஏங்க, யாரோ என் குரல்ல பேசினாங்கன்னு எம் பொண்ணு அழுதுகினு இருக்கா. யாருங்க அது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"பயப்படாதீங்க. எங்க கங்கம்மாக்காவோட பொண்ணு."