அந்த டின்னின் கரண்டி

மகதலேனாவின் சமையலறையில் ஒரே ஒரு சட்டம்தான். பால்மாவு டின்னுக்குள் வரும் அளவுக் கரண்டி அந்த டின்னுக்கு மட்டுமே சொந்தம். அது வேறு டின்னுக்குள் போனால் அன்றைக்கு வீட்டில் இடி விழும்.

காரணம் இருந்தது. ஒரு கம்பெனியின் கரண்டி சின்னது. ஓர் அவுன்ஸ் தண்ணீருக்கு ஒன்று போட வேண்டும். இன்னொரு கம்பெனியின் கரண்டி அதைப்போல இரு மடங்கு. இரண்டு அவுன்ஸுக்கு ஒன்று. எல்லாமே பிளாஸ்டிக், எல்லாமே வெள்ளை. மாறினால் பால் தண்ணீராகும், இல்லையென்றால் கூழாகும். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திய மகதலேனாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு டின்னின் முதுகையும் மூக்குக்கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டார்.

"ஜெபப் புத்தகத்தக்கூட இவ்ளோ கவனமா படிக்க மாட்டீங்கம்மா" என்பாள் மகள் குளோரியா.

"ஜெபம் தப்பா சொன்னா மாதா மன்னிச்சிருவாங்க. புள்ள வயிறு மன்னிக்காது லா."

கணவர் கிரிகரி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். குளோரியாவுக்குப் பதினொரு வயதாகும்போது இறந்துபோனார். அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மகதலேனா பாய் விரித்தார். வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். இருபத்தாறு வருடம், நாற்பத்தொரு குழந்தைகள். அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து படித்துத்தான் குளோரியா வேதியியல் பட்டம் வாங்கி, ஸ்ரீ கெம்பாங்கானில் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தூளை நிறுப்பதும் அளவு சரிபார்ப்பதும்தான் அவள் தொழில். இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாவது குழந்தை பிரவின். ஏழு மாதம். அப்பா ஜீவன், அம்மா ஜெயமாலா. வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில். காலையில் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் வந்து குழந்தையையும் பையையும் பால்மாவு டின்னையும் மகதலேனாவிடம் கொடுப்பார்கள். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை பிரவினுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கிளினிக் டாக்டர் உப்புக் கரைசல் பாக்கெட்டுகளைக் கொடுத்தார். தாய்ப்பால் குடிக்காத குழந்தை என்பதால், இரண்டு வாரத்துக்கு லாக்டோஸ் இல்லாத பால்மாவுக்கு மாற்றச் சொன்னார். நோயில் குடலின் உட்புறம் புண்ணாகிவிடும். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் போக்கை இன்னும் இழுத்தடிக்கும். டாக்டர் சொன்னது சரி. பால்மாவும் சரி. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பழைய டின்னின் கரண்டி பெரியது. புதிய டின்னின் கரண்டி சின்னது, ஓர் அவுன்ஸுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை மகதலேனா அளந்து கலந்தார். காலையில் ஆறு முறை போன பிள்ளைக்கு மத்தியானத்துக்குப் பிறகு இரண்டே முறைதான் போனது. இடுப்பில் இருந்த பிரவின் கரண்டியைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது என்று மகதலேனா சிரித்தார். கரண்டியைக் கழுவி ஜன்னலோரம் காய வைத்தார். மாலையில் ஜீவன் ரயிலைப் பிடிக்க அவசரப்படுத்தினான். டின் போய்விட்டது. கரண்டி ஜன்னலிலேயே இருந்தது.

மறுநாள் காலை அதைப் பார்த்ததும் ஜீவனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஸ்கூப்பு இங்க நின்னுருச்சு. நான் கொண்டாந்து தரேன்."

"கிள்ளானுக்கா? ஐயோ ஆன்டி, வேணாம் லா. வீட்டுல ஸ்கூப்பு நெறைய கெடக்கு."

"அந்த டின்னு ஸ்கூப்புதான் போடணும் தம்பி. பழசு பெருசு."

"ஓகே ஆன்டி, ஓகே. எனக்குத் தெரியாதா? மண்டே பாக்கலாம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே குளோரியா தோசை தின்றுகொண்டிருந்தாள். மகதலேனா செருப்பை மாட்டினார்.

"விடுங்கம்மா" என்றாள் குளோரியா. "டின்லயே எழுதியிருக்கு. படிக்காமயா போடுவாங்க?"

மகதலேனா செருப்பைக் கழற்றினார்.

ஜீவன் படித்துத்தான் போட்டான். ஓர் அவுன்ஸுக்கு ஒரு கரண்டி. போட்டது பழைய கரண்டியால். ஒவ்வொரு புட்டியும் இரு மடங்கு கெட்டி. ஜெயமாலா அதே கிருமியில் வாந்தியெடுத்துப் படுத்திருந்தாள். சனியும் ஞாயிறும் ஜீவன்தான் கலந்தான். தாகத்தில் அழுத பிள்ளைக்கு அதே கூழைத் திரும்பத் திரும்பக் கொடுத்தான். போக்கு கூடியது. பிறகு அழுகை நின்றது. திங்கட்கிழமை விடியலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

மகதலேனாவுக்குப் போனில் வந்தது ஜெயமாலாவின் குரல் மட்டும்: "என் புள்ளைக்கு என்ன ஆன்டி குடுத்தீங்க?"

மகதலேனா போனை வைத்தார். கரண்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு குளோரியாவின் காரில் ஏறினார். வார்டு வாசலில் பெண் டாக்டரை மறித்து நின்றார்.

"டாக்டர், இது அந்தப் பால் டின்னோட ஸ்கூப்பு. ரெண்டு நாளா என் வீட்டுல கெடந்துச்சு. மறந்தது நான்தான். அங்க வேற ஸ்கூப்பு போட்டிருப்பாங்க, பெருசு."

டாக்டர் கரண்டியைத் திருப்பிப் பார்த்தார். "அதான் ரத்தத்துல உப்பு இவ்ளோ ஏறியிருக்கு. இத சொன்னது நல்லது ஆன்டி. மெதுவாத்தான் எறக்கணும்." ஜீவனைப் பார்த்துத் திரும்பினார். "யாரு கலந்தது?"

ஜீவன் தரையைப் பார்த்தான். "ஆன்டி காட்டிக் குடுத்த மாதிரிதான் கலந்தோம்."

குளோரியா வாயைத் திறந்தாள். மகதலேனா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். உள்ளே பிள்ளை கிடக்கிறான், இப்போது சண்டை வேண்டாம் என்று அந்தப் பிடிக்கு அர்த்தம். ஆனால் குளோரியாவை நிறுத்தியது அந்தப் பிடியில்லை. 'விடுங்கம்மா' என்று அவள் சொன்ன சொல்தான்.

பிரவின் பிழைத்தான். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். அன்றே, மகதலேனாவிடம் பிள்ளைகளை விட்ட பெற்றோரின் வாட்சப் குழுவில் ஜெயமாலா எழுதினாள்: வயதான பேபிசிட்டர்களை நம்பாதீர்கள், அளவு தெரியாமல் தப்பாகக் காட்டிக் கொடுத்து என் மகனைக் கொல்லப் பார்த்தார். அந்த வாரமே மற்ற மூன்று குழந்தைகளும் நின்றுவிட்டன. புதிதாக ஒரு குழந்தையும் வரவில்லை.

"நான் பதில் போடுறேன்" என்று குளோரியா குதித்தாள்.

"ஸ்கூப்ப நான்தானே மறந்தேன்?"

"உடனே போன் பண்ணீங்கள்ல?"

"புள்ள பொழச்சிட்டான். விடு."

இருபத்தாறு வருடம் பாய் கிடந்த தரையை மகதலேனா தினமும் துடைத்தார். ஏழாவது மாதம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடுக்குமாடியின் கீழ்க் கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். ஃபாதர் ஜெபம் முடித்தார். பெட்டிக்காரர் அய்யாவு மூடியோடு காத்திருந்தார். அப்போதுதான் மலர்வளையத்தோடு ஜீவனும் ஜெயமாலாவும் வந்தார்கள். தத்தித் தத்தி நடந்து பிரவினும் வந்தான்.

ஜெயமாலா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். "ஆன்டி, தெரியாம செஞ்சிட்டீங்க. நான் மன்னிச்சிட்டேன் ஆன்டி. நிம்மதியா போங்க."

மன்னிப்பு! குளோரியாவின் காது அடைத்துக்கொண்டது.

"மூடலாமா மா?" என்றார் அய்யாவு.

"இருங்கண்ணே." அவள் ஜீவனிடம் போனாள். "அந்த சனிக்கிழம காலையில எங்கம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்களா இல்லையா?"

"இப்ப எதுக்கு குளோரியா, சாவு வீட்டுல..."

"சாவு வீட்டுலதான் கேப்பேன். நாளைக்கு இவங்க இருக்க மாட்டாங்க."

ஜெயமாலா நிமிர்ந்தாள். "என்ன போன்?"

குளோரியா கைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து அவன் கண்ணெதிரே நீட்டினாள். "நாலு புள்ளி மூணு கிராம். எங்க லேப்ல நிறுத்துப் பாத்தேன். நீங்க போட்டது எட்டரைக்கு மேல. யாரு காட்டிக் குடுத்தாங்க? சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் பெட்டிய மூட விடமாட்டேன்."

"மா, லேட்டாவுது, கல்லறையில ஆளு நிக்கிறாங்க" என்றார் அய்யாவு.

"நிக்கட்டும்."

பிரவின் பெட்டிக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜீவன் அவனையே பார்த்தான்.

"பண்ணாங்க" என்றான் கடைசியில். "அந்த டின்னு ஸ்கூப்புதான் போடணும்னு சொன்னாங்க. கொண்டாந்து தரேன்னாங்க. நான்தான் வேணாம்னேன். கலந்ததும் நான்தான்."

ஜெயமாலா அவனை அடிக்கவில்லை, கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏழு மாசம்" என்றாள். "ஏழு மாசம் என்னைப் பேச விட்டுட்டுச் சும்மா இருந்திருக்க. குரூப்புல போடு. இப்பவே. உன் பேரப் போட்டு எழுது."

"என் பேரையும் சேத்துப் போடுங்க" என்றாள் குளோரியா. "கொண்டுபோறேன்னு செருப்பு மாட்டுனாங்க. விடுங்கம்மான்னு தடுத்தது நான்."

ஜீவன் நின்ற இடத்திலேயே போனை எடுத்தான். இரண்டு முறை அழித்து எழுதினான். கூடத்திலிருந்த, மகதலேனா பார்த்துக்கொண்ட குழந்தைகளின் தாய்மார்களுடைய போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன.

குளோரியா படிக்கவில்லை. பெட்டிக்குள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி சற்றுக் கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்தாள்.

"இப்ப மூடுங்கண்ணே" என்றாள்.