முடித்துவைத்த அழைப்புகள்

குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'வழவழா'. போனை எடுத்தால் லேசில் வைக்க மாட்டாள். தெரு முழுக்கத் தண்ணீர் இல்லையா, உங்கள் வீட்டில் மட்டுமா, மீட்டர் பக்கத்து வால்வு திறந்திருக்கிறதா என்று குடைந்து குடைந்து கேட்பாள். அவளிடம் பேசியவர்கள் மறுபடி கூப்பிடுவது அபூர்வம். அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

அங்கே திறமை என்றால் முடித்த அழைப்புகளின் எண்ணிக்கை. சுவரிலிருந்த திரையில் அவரவர் பேருக்கு எதிரே அது ஓடும்; கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. பக்கத்து நாற்காலி 'மின்னல்', "பதிஞ்சுக்கிட்டோம் சார், ஆள் வருவாங்க" என்று பட்டென்று வைத்துவிடுவாள். ஆள் எங்கே வருவது? அதே மனுஷன் மறுபடி கூப்பிடுவான், மறுபடியும் ஒன்று கணக்கில் ஏறும். மின்னல் எப்போதும் பச்சை, அக்கா எப்போதும் சிவப்பு. இந்த மாதமும் சிவப்பென்றால் வேலை கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வெக்கிறது திறமையா சார்?"

"சரிம்மா, வேற எதை எண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

"புகார் குறைஞ்சுதான்னு பாருங்க."

"அப்படி வெச்சா நாளைக்கு ஒருத்தரும் போனையே எடுக்க மாட்டீங்க. புகார் தானா குறைஞ்சிடும்."

அந்த ஆள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவள் எரிச்சலை இன்னும் கிளப்பிவிட்டது.

எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று மறுநாள் உள்ளே கொண்டுபோகக் கூடாத கைபேசியை வழக்கம்போல வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி அடிக்க அடிக்க, யார் என்ன என்று காது கொடுக்காமல், "பதிஞ்சுக்கிட்டோம் சார்" என்று வைத்துக்கொண்டே போனாள். மதியத்துக்குள் பச்சை. மேலாளரே எழுந்து வந்தார்.

"இப்பதான்மா வழிக்கு வந்தீங்க."

மறுபடி மணி.

"இந்தாம்மா, வெச்சுடாதே! காலையிலேர்ந்து கூப்பிடறேன், வாயைத் திறக்கறதுக்குள்ள வெடுக்குன்னு வெச்சுடறே. என் பொண்டாட்டி அங்கதான் வேலை பாக்குறா, அவகிட்ட குடு. அவதான் ஒழுங்கா கேப்பா."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது.

"அவதான்யா பேசறேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "போய் மீட்டர் பக்கத்து வால்வைப் பாரு. மெதுவா பாரு. நான் வெக்க மாட்டேன்."

மேலாளர் திரையைக் காட்டி ஏதோ சைகை செய்தார். அக்கா நாற்காலியை அவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.