கிள்ளையிலிருந்து வந்த அடைக்கோழி

கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா, சீக்கு வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பது எனக்குப் பார்த்தாலே தெரியும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்ததை யார் பேசினாலும் "பாவம், அவுங்களுக்குத் தெரியல" என்றுதான் முடிக்கிறார்கள். தெரியாமல் நடந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இப்படி வயிறு எரியாது.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டுமே மூலையில் அசையாமல் கிடக்கும், தீனி எடுக்காது, கொண்டை வெளுத்திருக்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும். அடைக்கோழி உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு பலாக்காய் மாதிரி பெரிதாகும். கர்ரென்று கேறும், கொத்தும். நாளைக்கு ஒரு தடவை எழுந்து அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு, நாற்றமெடுக்கிற பெரிய எச்சமாக ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து முட்டை மேல் உட்கார்ந்துகொள்ளும். சீக்குக் கோழி தொட்டால் தொட விடும். கீழ் இமை மெல்ல மேலே ஏறிக் கண்ணை மூடும். வாலைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து இறகில் ஒட்டியிருக்கும்.

2009இல் நாங்கள் முதுநகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பின்பக்கம் பதினோரு கோழியும் ஒரு சேவலும் வைத்திருந்தேன். அவற்றை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு கோழியில் தொடங்கி நானாகப் பெருக்கியவை.

அந்தப் பங்குனியில் அண்ணாகிராமத்தில் ஒரு முந்திரித் தோப்பில் பெருவெட்டான கோழிகளைப் பார்த்து ஆசைப்பட்டுப் பதின்மூன்று முட்டை வாங்கி வந்திருந்தேன். என் கோழிகளில் ஒன்றுகூட அடையில் இல்லை. வெயில் காலத்தில் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. இதைக் கிள்ளையில் கட்டிக்கொடுத்திருந்த மகளிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அவள் மாமியாரும் பக்கத்தில் இருந்திருக்கிறார். மறுநாளே ஒயர்க்கூடையில் ஒரு கோழியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"செதம்பரத்துல பஸ்சு மாறும்போது, கோழிக்கும் டிக்கெட்டு எடுன்னான் கண்டக்டரு. அது முட்டை மேல ஒக்காரப் போவுதுப்பா, ஒன் சீட்டு மேல இல்லன்னேன்" என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்கினார். "நல்ல அடையில இருக்கு சம்மந்தி. பொரிக்கிறதுல பாதி எங்களுக்கு."

அடைக்கோழியை இடம் மாற்றுவதென்றால் இருட்டிய பிறகுதான் மாற்ற வேண்டும். பகலில் நாலு தெரு தள்ளித் தூக்கிப்போனாலே அடை கலைந்து திரிய ஆரம்பித்துவிடும். இந்தக் கோழி வெயிலிலும் ஹாரன் சத்தத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்சில் வந்தது. தூக்கி முட்டை மேல் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அது அடை இல்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லை. நான் கையை நீட்டினேன். சிலிர்க்கவில்லை, கேறவில்லை. என் விரல் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டது.

வாலைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தி என் தோளை ஒட்டி நின்றார். சம்பந்தி கொண்டுவந்ததை அவர் கண் முன்னே புரட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அறைகிற மாதிரி. ஒரு கட்டு வெற்றிலை என்றாலும் அப்படியே வாங்கி வைக்க வேண்டும்.

"கேறவே காணோமே" என்று மட்டும் கேட்டேன்.

"ரொம்ப சாது. உங்கள மாதிரிதான், வாயே தொறக்காது" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சம்பந்தி இரண்டு நாள் தங்கினார். அந்த இரண்டு நாளும் அந்தக் கோழி என் கோழிகளோடு ஒரே கூட்டில் கிடந்தது. முதல் நாள் சாயங்காலமே நான் வீட்டுக்காரரைக் குளியலறைப் பக்கம் கூப்பிட்டு, "அது சீக்குக் கோழி. தனியா கூடையில கவுத்து வெச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"தனியா வெச்சா கேப்பாங்கல்ல? என்னான்னு சொல்லுவ? நம்ம பொண்ணு அங்க வாழணும். வாய மூடிக்கினு இரு" என்றார்.

மூடிக்கொண்டுதான் இருந்தேன். சம்பந்தி காலையில் கூட்டை எட்டிப் பார்த்து, "பாருங்க, எழுந்திருக்கவே மாட்டேங்குது. அடைன்னா இப்பிடிப் படுக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அவர் பஸ் ஏறிய அன்று மத்தியானம் அந்தக் கோழியின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. மறுநாள் செத்தது. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தன. நாலாம் நாள் என் கோழிகள் ஒவ்வொன்றாகத் தூங்க ஆரம்பித்தன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டி ஊட்டினேன். ஊட்டிய உருண்டை வாயிலேயே நின்றது. வீட்டுக்காரரின் மடித்த சட்டை மேல்தான் முட்டையிடுவேன் என்று தினமும் ஜன்னல் வழியாக வருகிற ஒரு சிவப்புக் கோழி இருந்தது. அது வாசல்படி வரைக்கும் வந்து, ஏற முடியாமல் அங்கேயே படுத்துவிட்டது. பத்து நாளில் கூடு காலி. சேவல்கூட மிஞ்சவில்லை. நானே குழி வெட்டி, நானே சுண்ணாம்பு போட்டு மூடினேன்.

சம்பந்தி போன் செய்து குஞ்சு பொரித்ததா என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் பேசினார்.

"எல்லாமே சீக்குல போயிடுச்சு சம்மந்தி."

ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "அடடா, உங்க ஊட்டுக் கோழிங்ககிட்டேர்ந்து தொத்திக்கிச்சா? நல்ல கோழியாச்சே அது."

"மன்னிச்சுக்குங்க சம்மந்தி" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

சித்திரையில் மகளைப் பார்க்கக் கிள்ளைக்குப் போனேன். கொல்லையில் அவர்கள் கோழிக்கூட்டில் விறகு அடுக்கியிருந்தது. ஒரு கோழிகூடக் கண்ணில் படவில்லை.

"எப்பருந்து?" என்று மகளைக் கேட்டேன்.

"மாசிலயே எல்லாம் போயிடுச்சும்மா. தெனம் ரெண்டு மூணு. கடைசியா நின்னது அந்த ஒண்ணுதான். வேற ஊருக்கு மாத்துனா பொழைச்சிக்கும்னு அத்தைதான்..."

சீக்கு வந்தால் மிஞ்சின கோழியை வெளியூர் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் சொல்லிவிட்டு விடுவார்கள். வாங்குகிறவர் தனியாகக் கட்டி வைப்பார்.

"எங்கிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தை பக்கத்துலயே நின்னாங்க."

அவளை நாலு அறை விடலாமா என்று இருந்தது. சாப்பிட உட்காரும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தி இறால் தொக்கை அள்ளிப் போட்டு, "நல்லா சாப்புடுங்க, காரம் ஜாஸ்தியா?" என்றபோது என் வாய் தானாகத் திறந்தது.

"உங்க கோழி அடையில இல்ல. சாவக் கெடந்துது. கூடையிலேர்ந்து எடுக்கும்போதே எனக்குத் தெரியும்."

அவர் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். கோபப்படவில்லை.

"தெரிஞ்சுமா கூட்டுல வுட்டீங்க?"

"உங்களுக்கு மரியாதை குடுத்துதான்."

"மரியாதைய யாரு கேட்டா? உங்களுக்குக் கோழி நல்லாத் தெரியும், எப்பிடியாவது காப்பாத்துவீங்கன்னுதான் தூக்கியாந்தேன்."

"அப்ப அடைன்னு ஏன் சொன்னீங்க?"

"சீக்குன்னா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பீங்க."

அனுப்பியிருக்க மாட்டேன். எனக்கு அந்தத் துணிச்சல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தனியாகக் கவிழ்த்து வைத்து வைத்தியம் பார்த்திருப்பேன். அது பிழைக்காவிட்டாலும் என் பதினோரு கோழி பிழைத்திருக்கும். இதையெல்லாம் அங்கே சொல்ல எனக்கு வரவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மகள் கூட வந்தாள். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் சொன்னாள்.

"எல்லாம் செத்தப்புறம் ஏம்மா சொன்ன? இனிமே தெனம் நான்தான் அவுங்க மூஞ்சில முழிக்கணும்."

"அப்ப நீ சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நீயும்தான்" என்றாள்.

நான் ஏறி, அவள் நிற்காத பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.