ஏரிக்கரைக் கடையின் பொரித்த மீன்

சுற்றுலா பஸ் ஓட்டுகிற அவருக்குத் 'தலகாணி' என்று பேர் வைத்தது சக டிரைவர்கள்தான். எவ்வளவு கோணலான மலைப்பாதையானாலும் அவர் வண்டியில் ஒரு குலுக்கல் இருக்காது. பார்க்க வந்த மலையையே தூங்கிக் கடந்துபோன பயணிகள் உண்டு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை, சாப்பாட்டுக்கு அவர் பஸ்ஸை நிறுத்துகிற ஏரிக்கரைக் கடையின் பொரித்த மீன். என்னவோ அவரே தூண்டில் போட்டுப் பிடித்த மாதிரி பேசுவார். வீட்டில் மனைவி மீன் பொரித்து வைத்தால், ஒரு துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏரிக்கரைக் கடை மீன் இருக்கு பாரு..." என்று இழுப்பார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியுமா மனுஷனுக்கு? கல்யாணமான புதிதில் அவள் அழுதாள். பிறகு முறைத்தாள். இப்போதெல்லாம், "அப்ப அங்கயே போய்ச் சாப்பிடுங்க" என்று கரண்டியை வைத்துவிடுவாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. தான் அடுப்படியில் வேகும்போது இவர் ஏரிக் காற்றில் ராஜா மாதிரி உட்கார்ந்து வெளுத்துக்கட்டுகிறார் என்று அவளுக்குத் தீராத பொருமல்.

மகள் சம்பாதித்துக் கார் வாங்கினாள். முதல் பயணமே அந்த ஏரிக்குத்தான். மகள் ஓட்ட, பின் சீட்டில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலகாணி, வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"இன்னைக்கு உங்கம்மா அவ வாயாலயே ஒத்துக்கப்போறா" என்றார் மகளிடம்.

"நல்லா இருந்தா ஒத்துக்கறேன்" என்றாள் மனைவி. "இல்லைன்னா, சாகிற வரைக்கும் என் சமையலைப் பத்தி நீங்க மூச்சு விடக்கூடாது."

"சரி" என்றார், யோசிக்காமலேயே.

கடையின் முன்கூடத்தில் சுவருக்குச் சுவர் கண்ணாடி. அதற்கு அப்பால் ஏரி. மூவரும் உட்கார்ந்தார்கள், மீன் வந்தது. எண்ணெய் குடித்து, ஆறி, தோல் மாதிரி இழுத்தது. உப்புமில்லை, உறைப்புமில்லை. மகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். மனைவி ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு, "இதுவா?" என்றாள்.

தலகாணி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அசருகிற ஆளா அவர்? "என் நாக்கு பொய் சொல்லாது. எந்திரி, வா" என்று மனைவியை அழைத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

சமையல்காரம்மா அவரைப் பார்த்ததும், "என்னண்ணே, நீங்க ஏன் முன்னாடி போய் உட்கார்ந்தீங்க?" என்றாள். "அங்க போறது காலையிலேயே பொரிச்சு வெச்சது. டிரைவருங்களுக்கு மட்டும்தான் வந்ததும் சுடச்சுடப் போடச் சொல்லி முதலாளி உத்தரவு. உங்க வாய் ருசிச்சாத்தானே வண்டி இங்க நிக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனை பஸ் ஜனத்திடம் இந்த மீனைப் புகழ்ந்து தள்ளியிருப்பார். பாவம், அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. "எனக்குப் போடற மாதிரியே மூணு தட்டு போடும்மா" என்றார்.

மனைவியின் கண் மீனில் இல்லை. சமையல்கட்டை ஒட்டிய சின்ன அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து ஒரு பெஞ்சு, மூலையில் காலி சிலிண்டர்கள். ஜன்னல் கிடையாது.

"இங்கயா சாப்பிடுவீங்க?"

"டிரைவருங்க எல்லாருமே இங்கதான். அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடணும்ல, டயர் பார்க்க வேண்டாமா?"

"தனியாவா?"

"வேற வண்டி வந்தா பேச்சுத்துணை இருக்கும். இல்லைன்னா தனியாத்தான்." சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவள் அந்தச் சுவரையே பார்த்தாள். இந்தச் சுவரின் மேலா இத்தனை வருஷம் பொறாமைப்பட்டோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

தட்டுகள் வந்ததும் அவர் பழக்கதோஷத்தில் பெஞ்சில் உட்காரப் போனார். அவள் இரண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு நடந்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

முதலாளி குறுக்கே வந்தார். "டிரைவர் சாப்பாடு முன்னாடி வராதும்மா."

"இன்னைக்கு இவர் டிரைவர் இல்லைங்க. என் வீட்டுக்காரர்."

"நாளையிலேருந்து என் வண்டி ஜனத்துக்கும் இதே மீன்தான்" என்றார் தலகாணி. "இல்லைன்னா வண்டி இங்க நிக்காது." முதலாளி வழிவிட்டார்.

கண்ணாடி ஓரம் உட்கார்ந்தார்கள். மீன் மொறுமொறுவென்று உடைந்தது. மகள் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. தலகாணி மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கறேன்" என்றாள். "என்னுதை விட நல்லாத்தான் இருக்கு."

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் வெளியே பார்த்தாள். மலை மொத்தமும் தண்ணீரில் இறங்கி நின்றது.

"வருஷக்கணக்கா மீனைப் பத்தியே பேசினீங்களே. இந்த ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"பார்த்திருந்தாத்தானே சொல்லுவேன்" என்றார்.

அவள் அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வெளியே பாருங்க. நான் முள்ளு எடுத்துத் தர்றேன்."