நாகலிங்கம் அச்சிட்டுத் தந்த நான்கு தாள்கள்

சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில், என் கணவர் லூர்துவின் படத்துக்கு முல்லைச் சரம் வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் என்னைக் கவனிக்காமல் பெரிய ரோஜா மாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அதை அப்புறம் கட்டக் கூடாதா? யாருக்கு அவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, உங்களுக்குச் சேதி வரலியா? நம்ம நாகலிங்கம் சாருக்குத்தான். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாரு. கிளமெண்டியில அவங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ உடலை வச்சிருக்காங்க" என்றார்.

முல்லைச் சரத்தை வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. கிளமெண்டி பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் கோபம்தான் அதிகம். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

"சுற்று" இதழை முதலிலிருந்து படித்தவர்களுக்கு நாகலிங்கம் யாரென்று சொல்லத் தேவையில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் விமானச் சரக்குப் பிரிவில் கிளார்க். லூர்து அதே பிரிவில் சரக்கு ஏற்றுபவர்களுக்கு மேற்பார்வையாளர். விமான நிலையம் பாய லேபாரில் இருந்த காலத்தில், கேண்டீனில் தேநீர் குடித்துக்கொண்டே இருவரும் போட்ட திட்டம்தான் இந்த இதழ். எழுத ஆள் வேண்டுமே. ஆஸ்பத்திரி டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவள், எழுதவும் செய்வாள் என்று லூர்து என்னைக் கோர்த்துவிட்டார்.

நிறையப் பிரதிகள் போட வசதியில்லை. அதனால் நாகலிங்கம் ஒரு வழக்கம் வைத்தார். ஒரு பிரதி, ஒரு வட்டம். ஒருவர் படித்துவிட்டு ஓரத்தில் தன் கருத்தை எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் தன் பங்குக்கு எழுதி அதற்கடுத்தவருக்கு. மாதக் கடைசியில் பிரதி நாகலிங்கத்திடமே திரும்பிவிட வேண்டும். "வெறும் ஓரத்தோட வந்தா அது படிக்காத பேப்பர்" என்பார். எங்கள் மாதா கோவில் பங்கில் பூசை முடிந்து வாசலில் கைமாறும். டோபி காட் பஸ் நிறுத்தத்தில் கைமாறும். திரும்பி வரும்போது குழம்புக் கறையோடும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டி எழுதிய சண்டையோடும் வரும். நான் எழுதியதைவிட அந்த ஓரங்களைத்தான் எல்லோரும் விரும்பிப் படித்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

இதழ் வெளிவர நாகலிங்கம் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தவள். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் மெழுகுத் தாளைச் செருகி அடிப்பார். வட்டமுள்ள எழுத்தைச் சற்று அழுத்தி அடித்தால் வட்டம் அப்படியே கழன்று விழுந்துவிடும், அச்சில் கறுப்புப் பொட்டு வரும். தமிழில் வட்டமில்லாத எழுத்தை எங்கே போய்த் தேடுவது? என் கட்டுரை ஒன்று அம்மை போட்ட முகம்போல வெளிவந்தது. படி எடுக்கும் உருளை இயந்திரமோ எங்களுடையது அல்ல. ஒரு சங்கத்துக் கட்டடத்தில் இருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் நாங்கள் பயன்படுத்திக்கொள்ள அனுமதி. ஒரு சனிக்கிழமை போனால் பூட்டை மாற்றியிருந்தார்கள். செயலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இனிமே மெம்பர்ஸுக்கு மட்டும்தான்" என்றார்.

"நாங்க மெம்பர்தானே சார்?" என்று கேட்டார் நாகலிங்கம்.

"அது பழைய மெம்பர்ஷிப். இப்ப ரூல் மாத்தியாச்சு."

"யார்கிட்டயும் சொல்லலியே."

"இதோ சொல்றேன்ல."

நாகலிங்கம் தெருவில் நின்றார். கையிலிருந்த மெழுகுத் தாள்கள் வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்து வேலை. "மெஷின் நம்மளுது இல்லன்னா எழுத்தும் நம்மளுது இல்ல, பிலோ" என்று மட்டும் என்னிடம் சொன்னார். எவ்வளவு சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவர் பின்னால் எப்படி ஏமாந்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியராக அவர் ஒரு கல். என் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். மறுநாள், "ரெண்டாவது பத்தி வேணாம். மிச்சம் போடலாம்" என்பார். அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன், நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒருமுறை நேருக்கு நேர் கேட்டும்விட்டேன். "பாராட்டினா அடுத்த மாசம் லேட்டா குடுப்பீங்க" என்றார்.

லூர்து இன்னும் மோசம். வீட்டில் என் எழுத்தைப் பற்றி மூச்சு விட மாட்டார். மேசைமேல் புது இதழை வைத்தால் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். ஆனால் கேண்டீன் வட்டத்துப் பிரதி திரும்பி வரும்போது, ஓரத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து இருக்கும். "மீன் குழம்பைப் பத்தி எழுதத் தெரியுது, வைக்கத்தான் தெரியல" என்று ஒருமுறை. நான் விடுவேனா? அடுத்த இதழில் மீன் வாங்கத் தெரியாத ஆண்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கும் ஓரத்தில் பதில் வந்தது. வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிரப் பேசாத இரண்டு பேர், ஊர் முழுக்கச் சுற்றி வந்த தாளில் பேசிக்கொண்டோம். படித்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் குடும்பம் நடத்தியதே அந்த ஓரத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

விமான நிலையம் சாங்கிக்கு மாறிச் சில வருடங்களில் லூர்து போய்ச் சேர்ந்தார். சிறுநீரகக் கோளாறு, நீண்ட படுக்கை. அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவர் எனக்காக எழுதிய ஒரு வரிகூட என் வீட்டில் இல்லை. காதல் கடிதம் எழுதுகிற ஆளா அவர்? எழுதியதெல்லாம் அந்த ஓரங்களில். அவை எல்லாம் நாகலிங்கத்தின் வீட்டில். போய்க் கேட்டேன். "எல்லாம் பத்திரமா இருக்கு பிலோ. அவசரப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறேன். ஒரு ஓரம் விடமாட்டேன். அப்புறம் கரையானும் அரிக்காது, கறையும் படியாது" என்றார்.

சேமிப்பையெல்லாம் போட்டு அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தமிழ் அடிக்கும் புரோகிராம் ஒன்றை மாடிக்கடைப் பையன் ஒருவன் விற்றிருந்தான். அதைக் காட்ட என்னையும் கமலாவையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கமலா அவர் மனைவி. திரையில் பச்சை நிறத்தில் "அ" வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்ததுபோல. கொம்பு ஒரு வரியில், அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் என்று பிரிந்து நின்றது. "அதெல்லாம் அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கான்லா" என்றார். வேலை முடிந்து வந்து பல மாதம் தட்டினார். தட்டி முடித்ததும், அந்தத் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது, பழைய பிரதிகள் அத்தனையையும் கட்டி காராங்குனிக்காரனிடம் போட்டுவிட்டார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பேப்பர்காரன் வண்டியில் லூர்துவின் கையெழுத்து கிளமெண்டி புளோக்குகளைச் சுற்றிப் போயிருக்கிறது. விஷயம் தெரிந்து நான் கத்தினேன். "வார்த்தைதானே முக்கியம் பிலோ? வார்த்தை உள்ள இருக்கு" என்று கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்து போனால் போகிறது, சொல்லாவது மிஞ்சியதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடித்த பக்கங்களைக் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கினேன். இன்று பிரிண்டர் ஓடவில்லை, நாளை ரிப்பன் இல்லை. பிறகு புரோகிராமுக்குப் புது வெர்ஷன் வந்தது. அது பழையதைத் திறக்காது. பழைய புரோகிராம் இருந்த டிஸ்க்கில் பூஞ்சை. மாடிக்கடைக்குப் போனால் அங்கே கைக்கடிகாரம் விற்றுக்கொண்டிருந்தார்கள், பையன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உள்ள இருக்குலா. எங்க போயிடும்?"

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள் அவரே பிடோக்கில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. நான்கு தாள்களைக் கொடுத்துவிட்டு, "லூர்து எழுதினது மட்டும் தனியா எடுத்திருக்கேன்" என்றார். மறுநாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அங்கேயே நின்று படித்தேன். மீன் குழம்பு இருந்தது. பஸ்ஸில் படித்ததாக ஒரு வரி இருந்தது. நான் மறந்தே போன எத்தனையோ இருந்தன. சிரித்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் அந்தத் தாள்களோடுதான் போனேன். சண்டையை மறந்தேன். நாகலிங்கத்துக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டேன், அவர் திருநீறு பூசுகிறவர் என்றும் பார்க்காமல்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு கிளமெண்டி போயிருந்தேன். வந்தவர்கள் போன பிறகு கமலாவும் நானும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அவரைத் தேற்ற நினைத்து, அந்த நான்கு தாள்களைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் செய்த பெரிய உதவி என்றேன்.

"ஆமாக்கா, எவ்வளவு கஷ்டப்பட்டாரு" என்றார் கமலா. "டிஸ்க்குதான் ஓடவே இல்லியே. உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதுவாரு. 'லூர்து இதுக்கு என்ன சொல்லியிருப்பான்'னு என்னையே கேப்பாரு. எனக்கென்ன தெரியும்?"

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன். கமலா என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க்கா. உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே" என்றார்.

"எது லூர்து எழுதினது, எது இவரு எழுதினது கமலா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? கொஞ்சம் ஞாபகத்துல இருந்ததுன்னுதான் சொன்னாரு. அந்த பஸ் விஷயம் மட்டும் தெரியும். அது இவருக்கு நடந்தது. உங்க கட்டுரையை வீட்டுக்கு வர்ற வழியில படிச்சிக்கிட்டே, இங்க இறங்காம ஜூரோங் வரைக்கும் போயிட்டாரு. சோறு ஆறிப்போச்சுன்னு நான்தான் திட்டினேன்."

லூர்து வேலைக்குக் கம்பெனி வேனில் போனவர். பஸ் ஏறினதே இல்லை. நான்கு வருடம் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இதுதான் அது. அந்தச் சங்கத்துச் செயலாளராவது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, எனக்கே பரிமாறினார். "போச்சு பிலோ, என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பேசியிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ரோஜா மாலை போட்ட படத்திடமா? என் புருஷனின் குரல் என்று நான் காதில் வைத்திருப்பதில் பாதி இவருடைய குரல். எந்தப் பாதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் போய்விட்டார். இரக்கப்பட்டுத்தான் செய்தார் என்று நீங்கள் எனக்கு எழுதுவீர்கள். தெரியும். இரக்கப்பட்டவர்தான் ஏமாற்றினார்.

தாள்களைக் கிழித்துவிட எடுத்தேன். முடியவில்லை. லூர்துவின் வரி அதில் எங்கோ கிடக்கிறது. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு வரியை மட்டும் கோடு போட்டுப் பிரித்துவிட்டேன். அது சந்தேகமில்லாமல் நாகலிங்கத்துடையது, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். "பஸ்ல படிச்சேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போயிடுச்சு. உனக்கு எழுத வருது பிலோ."

உயிரோடு இருந்தபோது, தன் வாயாலேயே சொல்லியிருக்கலாம்.