ஏழாம் இடத்தில் எட்டுக் கிரகம்

எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் கிலி பிடித்துக் கிடந்த 1962 தை மாதத்தில் அமிர்தம் பிறந்தாள். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கோயிலில் விடாமல் பூசை நடந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் குழந்தை அழுதது.

உலகம் அழியவில்லை. ஆனால் ஜாதகம் கணித்த ஜோசியர் அவள் அப்பா அய்யனாரிடம் கட்டத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். கடக லக்கினம். அதற்கு ஏழாம் இடமான மகரத்தில் ராகு நீங்கலாக அத்தனை கிரகமும் நெருக்கியடித்து நின்றன.

"ஏழுங்கிறது புருஷன் எடம். குருவும் சுக்கிரனும் நல்லது பண்ணத்தான் பாக்கும். கூடவே செவ்வாயும் சனியும் சேந்து நிக்குதே. கட்டிக்கிறவனுக்குக் கண்டம்."

அமிர்தம் வயசுக்கு வந்த பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காபி குடித்துவிட்டு ஜாதகத்தை வாங்கிப்போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கேயாவது கல்யாண வீட்டுக்குப் போனால் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த மாயவன் மட்டும் ஜாதகமே கேட்கவில்லை. குத்தகை நிலம் உழுபவன். சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பேச்சு கேட்டவன். அய்யனார் தானாகவே மறைக்காமல் எடுத்துச் சொன்னபோது அவன் சிரித்தான்.

"படிச்சிட்டு வேலயில்லாம எங்க பசங்க சுத்திக்கினு கீறானுங்க. அதயும் கெரகம்னு சொல்லித்தான் ஒக்கார வச்சாங்க. எனக்கு அதுல நம்பிக்க இல்லீங்க மாமா."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அமிர்தத்துக்கு அந்தப் பேச்சுதான் தாலி. கல்யாணமான இரண்டு வருசமும் அவன் வர நேரமானால் ரோட்டு முனை வரை நடந்துபோய் நிற்பாள். மாமியார் லட்சுமியம்மாள்கூடக் கேலி செய்வாள்.

1987 புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கம் அறிவித்த ஒரு வாரச் சாலை மறியல். சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மாயவன் கோடாலியோடு கிளம்பியபோது அமிர்தம் குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கி ஒரு நாளு போவாதீங்க. மனசு ஒரு மாதிரியா கீது."

"ஒனக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்துடுச்சா?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

மதியம் அவனைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். சாய்ந்த மரம் எதிர்பாராத பக்கம் புரண்டு வலது கால்மேல் விழுந்திருந்தது. மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் வெட்டிப்போட்ட மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வண்டியைப் பக்கத்துக் கொல்லையில் இறக்கி மறுபடி ரோட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அமிர்தம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குலுங்கலுக்கும் பல்லைக் கடித்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பழி தன்மேல்தான் விழும் என்று அவள் காத்திருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி ஜாடையாக ஆரம்பித்ததும் லட்சுமியம்மாள் வெடுக்கென்று சொன்னாள்: "கால ஒடச்சது மரம். இவ இன்னா பண்ணா?"

அமிர்தம் நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஆனால் வீட்டில் படுத்துக் கிடந்த மாயவன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். கஞ்சி கொண்டுபோனால் அவளையே பார்ப்பான். ஒருநாள் கேட்டான்: "செவ்வாயும் சனியும் ஒரே கட்டத்துலதான கீது? சனிதான் காலுக்கு உண்டான கெரகம்னு சொல்றாங்க."

அன்று அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது.

அவனே திருக்கோவிலூர் ஜோசியருக்கு ஆள் அனுப்பினான். வாழையைப் புருஷனாக வைத்து அவள் கழுத்தில் ஒரு தாலி கட்டி, பிறகு அந்த வாழையை வெட்டிவிட வேண்டும், தோஷம் அதோடு போகும் என்றார் அவர். கல்யாணத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதாம்.

"கட்டுன தாலிய அவுக்கச் சொல்றீங்களா?" என்று மாயவனிடம் கேட்டாள் அமிர்தம்.

"எனக்குப் பயமா கீது அமிர்தம். இன்னொரு காலும் பூட்டா இன்னா பண்றது?"

அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான். அவள் சம்மதித்தாள்.

தென்பெண்ணை ஆற்றங்கரையில் மணலில் வாழைக்கன்றை நட்டார்கள். அமிர்தம் தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை வாழை இலையில் தொட்டு எடுத்து அவள் கழுத்தில் ஜோசியர் மனைவி முடிந்தாள். பிறகு அரிவாளை அவள் கையிலேயே கொடுத்தார்கள். ஒரே வெட்டு. தண்டிலிருந்து நீர் வடிந்தது. கயிற்றை அறுத்து ஆற்றில் விட்டு முங்கி எழுந்தாள்.

ஈரப்புடவையோடு கரையில் உட்கார்ந்திருந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. இந்த நேரத்தில் தான் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யார் காலும் கையும் தன் பொறுப்பில்லை. அந்த நினைப்பு இதமாக இருந்தது. இதமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாயவன் கட்டையை ஊன்றி வந்து தாலியை மறுபடி கட்டினான். அவன் முகம் தெளிந்திருந்தது. "எல்லாம் தீந்துச்சி" என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான்.

அதன்பிறகு அவன் மளமளவென்று தேறினான். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சங்கத்துக்காரர்கள் வந்தால் பழையபடி கேலி பேசினான். அவளிடம் ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்த ஜாதகத்தைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

அமிர்தமும் ஒரு குறை வைக்கவில்லை. காலையில் அவன் மாட்டிக்கொள்ளும் மரக்காலின் வாரை இழுத்துக் கட்டிவிடுவாள். மதியத்துக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் கடைசி பஸ்ஸும் போய்விட்டது, அப்பாவைக் காணோம் என்று பிள்ளைகள் வந்து சொன்னாலும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுவாள். ரோட்டு முனைக்குப் போவதில்லை. மாயவன் அதைக் கவனித்தானா என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.