கொடியில் காய்ந்த வெள்ளைக் கோட்டு

மாலை ஐந்து நாற்பது. இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் கைபேசியில் முதல் அழைப்பு ஐந்து நாற்பத்து மூன்று என்று பதிவாகியிருப்பதுதான். கொல்லையிலிருந்து உள்ளே ஓடிக் கைபேசியைத் தேடி எடுக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஆடி மாதம். குமுளி மலையிலிருந்து இறங்கும் காற்று எங்கள் பக்கம் தகரக் கூரையைக்கூடத் தூக்கிவிடும். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தம்பியின் வெள்ளைக் கோட்டு அந்தக் காற்றில் கழன்று, எங்கள் கொல்லையை ஒட்டிய திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் கவாத்து வெட்டிக் குவித்திருந்த குச்சிகளின் மேல் போய் விழுந்தது. மகள் அதை எடுக்கப் போனாள். பதினாறு வயது. "அம்மா, குச்சி குத்திருச்சு" என்றாள், ஒரு சலிப்போடு. பிறகு குச்சிகளுக்கு அடியில் குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு புள்ளிகள். குவியலுக்குள் நழுவிப் போனதன் முதுகில் சங்கிலிபோல வட்டங்கள். கண்ணாடி விரியன்.

தம்பி என்று நான் சொல்வது என் சித்தி மகனை. பெயர் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. டாக்டர் என்றால் தெரியும். ஐந்து ஆண்டுகள் ஒரு தொலைக்காட்சித் தொடரில் டாக்டராக வந்தவன். ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நல்லதோ கெட்டதோ சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் பேசாமல் நிற்பான். அந்த ஒரு கணத்துக்காகவே தெருவில் அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் சென்னையில் கான்ஸ்டபிளாகவும், கூட்டத்தில் ஒருவனாகவும், பெரும்பாலும் பிணமாகவும் நடித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். எங்கே கற்றுக்கொண்டான் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். சித்தப்பாவை நெல் வயலில் பாம்பு கடித்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மந்திரிக்கிறவர் வீட்டு வாசலில் விடியும்வரை கிடத்தி வைத்திருந்தார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏறி இறங்குவது எப்போது நிற்கிறது என்று.

அதனால்தான் முகம் நாலு பேருக்குத் தெரிந்ததும் அவன் ரசிகர் மன்றம் வைக்கவில்லை, கட்சியில் சேரவில்லை. பாம்புக் கடிக்கு மந்திரம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல ஊர் ஊராகக் கிளம்பினான். மாதம் இரண்டு ஞாயிறு சென்னையிலிருந்து பஸ் ஏறி வருவான். முதல் கூட்டம் ராயப்பன்பட்டியில் நடந்தது. சாதாரணச் சட்டையில் போய் நின்றான். வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்திருந்து, கடைசியில் முழங்காலைக் காட்டினாள். "நான் நடிகன் ஆத்தா" என்றான். "தெரியும்லே. நாடகத்துல எத்தன பேரு உசுரக் காப்பாத்தியிருக்க, எனக்கு ஒரு மாத்திரை எழுத வலிக்குதா?" என்றாள் அவள். அடுத்த முறை வந்தபோது பைக்குள்ளிருந்து அந்தக் கோட்டை எடுத்தான். தொடரில் அவன் போடுகிறது. பித்தான் ஒன்று போனதால் கழித்துவிட்டது. என்னிடம் கொடுத்துப் பித்தான் தைக்கச் சொன்னான். அதுமுதல் கூட்டம் முடிந்ததும் கோட்டைத் துவைக்க எங்கள் வீட்டிலேயே விட்டுப் போவான். அதைப் போட்டுக்கொண்டு அனுமந்தன்பட்டி முக்கில் நின்றபோது இருநூறு பேர் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கேட்டார்கள். திரும்பி வருகையில் அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பொய்யப் போட்டுக்கிட்டு நெசத்தச் சொல்லுறேன்க்கா. இது எதுல போயி முடியுமோ." நான் சிரித்தேன். அறிவியல் ஆசிரியையான எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

பேச்சோடு நிற்கவில்லை அவன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றை ஏற்பாடு செய்தான். மாலையில் ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும் அது எங்கள் தெருமுனை டீக்கடையருகே நிற்கும். யாருக்குப் பாம்பு கடித்தாலும் தம்பிக்குப் போன் செய்ய வேண்டும். அவன் டிரைவருக்குச் சொல்வான். டிரைவர் வாசலுக்கு வருவதற்குள் அவனே ஆஸ்பத்திரிக்கும் பேசிவிடுவான். ஆரம்பத்தில் டிரைவரை யார் கூப்பிட்டாலும் வண்டி போனது. ஒரு வீட்டார் பாம்பு கடித்துவிட்டதாகப் பொய் சொல்லி ஜீப்பை வரவழைத்து, காதுகுத்துக்குக் குச்சனூர் போய்விட்டார்கள். அன்றைக்கென்று உண்மையிலேயே ஒருவரைக் கடித்தது. வண்டி இல்லை. அதற்குப் பிறகு தம்பி டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னான், நான் சொல்லாமல் வண்டி அசையக் கூடாது என்று. சுவர்களில் கோட்டோடு அவன் படம் வரைந்து, கீழே எழுதியிருந்தார்கள்: மந்திரம் வேண்டாம், கட்டுப் போட வேண்டாம், கடிபட்டவரை அசைக்க வேண்டாம், உடனே டாக்டர் தம்பிக்கு அழைக்கவும். அதன் கீழே அவன் எண். ஆம்புலன்ஸ் எண் எங்கும் எழுதப்படவில்லை. யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

அந்த ஐந்து நாற்பத்து மூன்றுக்கு என் விரல் தானாகவே அவன் எண்ணைத்தான் அழுத்தியது. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர், பங்குனியில் பாம்பு கடித்தபோது எட்டே நிமிடத்தில் ஜீப் வந்து நின்றதால் பிழைத்தவர். மதினி என் மகளைத் தரையில் படுக்க வைத்தாள். "ஆட்டாதீக டீச்சர், டாக்டர் சொல்லியிருக்காகல்ல. ஆட்டுனா விஷம் ஏறும். போனப் போடுங்க, எடுப்பாக" என்றாள். நான் போட்டேன். எங்கள் ஊரிலிருந்து அரசு ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம். பக்கத்து வீட்டில் ஒரு பைக் நின்றது. ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இதயம் ரத்தத்தை எப்படி உடம்பெங்கும் அனுப்புகிறது என்று இருபது வருடமாகப் பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். ஆனால் எட்டு நிமிடத்தில் ஜீப் வந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அந்த நினைப்பு என்னைக் கட்டிப்போட்டது. இப்போது எடுப்பான், இதோ எடுப்பான் என்று ஒன்பது முறை அழைத்தேன். என் வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலையில் இருந்தார். அவரை அழைக்கக்கூடத் தோன்றவில்லை, தம்பியின் அழைப்பு வரும் நேரத்தில் என் போன் பேச்சில் இருந்துவிடுமோ என்று.

மகள் முதலில் பேசிக்கொண்டிருந்தாள். "மாமா டயலாக் பேசிக்கிட்டு இருப்பாகம்மா" என்று ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். கை முழங்கை வரை வீங்கியது. பிறகு தாகம் என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபோது பல் ஈறுகளில் ரத்தம். மணி ஆறு இருபத்தெட்டு. அப்போதுதான் எனக்குள் எதுவோ அறுந்தது. மதினி தடுக்கத் தடுக்க வெறுங்காலோடு தெருவில் ஓடினேன், எந்த வண்டி கிடைத்தாலும் மறிப்போம் என்று. தெருமுனையில் டீக்கடையருகே அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது.

"நம்ம பிள்ளையக் கடிச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன் டீச்சர்" என்றார். "தயாரா இருக்கேன். டாக்டர் போனு இன்னும் வரலையே."

அந்த மனிதரை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், நடுவே நூறு அடி தூரம். அவர் எங்கள் வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்த வேகத்தில் ஒரு சைக்கிளைச் சாய்த்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் மருந்தை ஏற்றிக்கொண்டே ஓர் இளம் டாக்டர் கேட்டார். "ஐம்பது நிமிஷம் வீட்டுல என்னம்மா செஞ்சீங்க?"

அங்கிருந்து தேனிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். பதினேழு நாள். நடுவில் விரல் கறுத்து, அதை எடுத்தார்கள்.

தம்பி மறுநாள் காலை வந்தான். படப்பிடிப்பில் காட்சி எடுக்கும்போது எல்லோர் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்களாம். அவனுடையதை மட்டும் உதவியாளர் ஒருவர் கையில் வைத்திருந்து, ஊரிலிருந்து வந்தால் எடுப்பாராம். அன்று அவர் விடுப்பு. புதிதாக வந்தவருக்கு விஷயம் தெரியவில்லை. அன்று எடுத்த காட்சியைப் பிறகு நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நின்று, "இன்னும் ரெண்டு வடை வையுங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்ததும் பாதியில் கிளம்பி வந்திருக்கிறான். காதோரம் மேக்கப் அப்படியே இருந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அவனைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். "டாக்டர் வந்துட்டாக" என்று ஒரு குரல். ஒருவர் தன் மனைவியின் ஸ்கேன் அறிக்கையை அவன் கையில் திணித்தார். அவன் அதை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றான். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "இப்பமாவது போன எடுக்க நேரங் கெடச்சுச்சா?" எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான், பிணமாக நடித்த நாட்களைப்போல. அறிக்கையை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். மகளைப் பார்க்க நான் விடவில்லை.

படப்பிடிப்பைப் பாதியில் விட்டு வந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது என்ன என்பதை ஊரே பார்த்தது. மூன்றாவது வாரம் தொடரில் அவன் படத்தைப் போட்டு, இவருக்குப் பதில் இவர் என்று வேறொருவரைக் காட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் அவனுக்காக அடுப்பை அணைத்தவர்கள் பத்து நாளில் புதியவரை டாக்டர் என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். மதினி மட்டும், "இவரு கண்ணாடி கழட்டுறது சரியில்ல" என்றாள். தம்பி உத்தமபாளையத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினான் என்று கேள்வி. சுவர் சுவராகப் போய்த் தன் படத்துக்கும் எண்ணுக்கும் தானே சுண்ணாம்பு அடித்தான். அதன் மேல் ஆம்புலன்ஸ் எண்ணை எழுதினான். எங்கள் தெருச் சுவருக்கும் வந்திருக்கிறான், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து. மழை பெய்தால் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அந்தக் கோட்டு மங்கலாகத் தெரியும். ஒரு வருடம் அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

கோட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியாமலிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு குச்சிக் குவியலை எரிக்கச் சொன்னேன். அதோடு போயிருக்கும் என்றே நினைத்தேன். மகள் நடுவிரலால் பேனா பிடித்து எழுதப் பழகினாள். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குத் தேனி போய் வருகிறோம். அறிக்கை வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவள் எந்தச் சலனமும் இல்லாமல் பரோட்டா கேட்பாள். கொல்லைப் பக்கம் இருட்டினால் நான் அவளை விடுவதில்லை. "வெளக்குமாறு எடுக்கக்கூட விடமாட்டேங்குற, நானென்ன கண்ணாடிப் பொம்மையா?" என்று சண்டை போடுவாள்.

இந்த ஆடியில், காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வாசலில் வந்து நின்றது அவன்தான். முடி நரைத்திருந்தது. சாதாரணக் கட்டம்போட்ட சட்டை. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. "குச்சனூர்ப் பக்கம் நாத்து நட்ட ஒரு பொம்பளையக் கடிச்சிருச்சுக்கா" என்றான், என் முகத்தைப் பாராமல். "மந்திரிக்கத் தூக்கிட்டுப் போயிட்டாக. முந்தாநாளு முடிஞ்சுபோச்சு. ரெண்டு பிள்ளைக. போன வாரம்தான் அவுக தெருவுல நின்னு பேசிட்டு வந்தேன். கேக்க ஒம்பது பேருதான் இருந்தாக. அந்தப் பொம்பள அங்கனதான் குழாயடியில நின்னுச்சு. யாரோ கிறுக்கன் பேசுறான்னு நெனச்சிருக்கும்."

என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டில் தன் பழைய பாவாடைகளுக்குக் கீழே கை விட்டு அந்தக் கோட்டை எடுத்தாள். குவியலை எரிப்பதற்கு முன்பே எடுத்து, வெளுத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தாள். நான் தைத்த பித்தான் அப்படியே இருந்தது. நாலு விரல் கையால் அவள் அதை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்க்கிறான். வாங்குவதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இதக் கேக்கத்தான்க்கா வந்தேன். சட்டையோட போனா யாரும் உக்கார மாட்டேங்குறாக. போட்டுக்கிட்டுப் போறேன். ஆனா எனக்குப் போன் போடாதீகன்னுதான் மொதல்ல சொல்லப்போறேன்."